டயாலிசிஸ் தொடங்கப் போகிறீர்களா? முதலில் இடது கை, அடுத்தது காகிதம்

நான் ரவிக்கை தைப்பவள். சின்னாளபட்டியில் வீட்டு முன்னறையில் இரண்டு எந்திரம் போட்டிருக்கிறேன். 2022 ஆவணியில், முகூர்த்தத் தையல் குவிந்து கிடந்த வாரத்தில், படுத்தால் மூச்சு முட்டியது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. திண்டுக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரகம் வடிக்காமல் இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 11. அன்றிரவே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள்.

இதில் திடீரென்று வந்தது எதுவும் இல்லை. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். மாத்திரை வாங்கினேன், உப்பைக் குறைத்தேன், அவ்வளவுதான். அந்த இரண்டு வருடத்தில் செய்து வைத்திருக்க வேண்டிய இரண்டு வேலைகளையும் செய்யவில்லை. அதனால் நான்கு மாதம் கழுத்தில் குழாயோடு திரிந்தேன், இரண்டு முறை கிருமித்தொற்று வந்தது, எழுபதாயிரம் ரூபாய் கடனும் ஏறியது. ‘ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ டயாலிசிஸ் தேவைப்படலாம்’ என்று யாருக்காவது சொல்லியிருந்தால், அவர்கள் இதைப் படிக்கட்டும். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது மற்றதையெல்லாம்.

1. இன்றிலிருந்து இடது கையில் ஊசி வேண்டாம்

டயாலிசிஸ் எந்திரத்துக்கு நிமிடத்துக்கு முந்நூறு மில்லி வாக்கில் இரத்தம் வேண்டும். ஊசி போடும் சாதாரணச் சிரை (நாம் நரம்பு என்போமே, அது) அதைத் தாங்காது. அதனால் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஒரு தடித்த இரத்தக்குழாயை உண்டாக்குகிறார்கள். அதன் பெயர் ஃபிஸ்டுலா. சின்ன அறுவை சிகிச்சைதான், கையை மட்டும் மரக்கச் செய்து முடித்துவிடுவார்கள். ஆனால் தைத்த மறுநாளே அதில் ஊசி போட முடியாது. குழாய் பருத்துத் தடிக்க ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். எனவே டயாலிசிஸ் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே அது கையில் இருக்க வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் எண் 20-க்குக் கீழே இறங்கிவிட்டால், மருத்துவர் பேச்செடுக்காவிட்டாலும் நீங்கள் எடுங்கள்.

வழக்கமாக, அதிகம் பயன்படுத்தாத கையில் வைப்பார்கள். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கை. அந்தக் கையில் இரத்தம் எடுக்க, குளுக்கோஸ் ஏற்ற, இரத்த அழுத்தம் பார்க்க யாரையும் விடாதீர்கள். என் கதையில் இந்த இடத்தில்தான் சறுக்கல். முதல் மூன்று நாளும் இடது முன்கையிலேயே மாற்றி மாற்றி ஊசி குத்தினார்கள், நானும் நீட்டிக்கொண்டிருந்தேன். ‘இந்தச் சிரை கெட்டுவிட்டது’ என்று சொல்லி, மணிக்கட்டில் வைத்திருக்க வேண்டிய ஃபிஸ்டுலாவை முழங்கைக்கு ஏற்றினார்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டரில் ‘இந்தக் கையில் ஊசி கூடாது’ என்று பேனாவால் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம். வேலை மாறி வரும் செவிலியர் எல்லாரும் உங்கள் கோப்பைப் படித்துவிட்டு வருவதில்லை.

ஃபிஸ்டுலா வைத்த பிறகு அந்தக் கையில் கடிகாரம், இறுக்கமான வளையல், இறுக்கமான ரவிக்கைக் கை எதுவும் ஆகாது. என் ரவிக்கைகளில் இடது கையை மட்டும் ஒன்றரை அங்குலம் தளர்த்தித் தைத்துக்கொள்கிறேன். அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. முப்பது வருடம் இடது இடுப்பில் குடம் வைத்தே பழகியவள் நான். இப்போது தண்ணீர் பிடிப்பது கணவர் வேலை. முதல் வாரம் வாசலெல்லாம் ஈரம்.

தினமும் காலையில் எழுந்ததும் ஃபிஸ்டுலாவின் மேல் மூன்று விரல் வைத்துப் பாருங்கள். ஓடும் தையல் எந்திரத்தின் மோட்டார்மேல் கை வைத்தால் ஒரு சன்னமான அதிர்வு தெரியுமே, அதுபோல இருக்கும். அதிர்வு இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கலாம். அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். சில மணி நேரத்துக்குள் போனால் காப்பாற்ற வழி உண்டு. விட்டால் வேறிடத்தில் புதிதாக வைத்து, மறுபடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கழுத்துக் குழாயோடு தொடங்க நேர்ந்தவர்கள் அந்தக் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்குக் குளிப்பதை மறந்துவிடுங்கள், தலை கழுவ இன்னொருவர் உதவி தேவை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குத்தான். பாராசிட்டமால் போட்டுப் படுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று நான் ஒரு முறை நினைத்தேன். அதன் விலை ஒன்பது நாள் படுக்கை.

2. காப்பீட்டு அட்டை: கிரியேட்டினின் எண் ஏறுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். டயாலிசிஸ் அதில் அடங்கும். அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். பணம் கட்டி டயாலிசிஸ் செய்த முதல் ஒன்றரை மாதத்தில் எனக்கு ஒரு தடவைக்கு 1,600 ரூபாய் ஆனது. அட்டை கையில் இருந்திருந்தால் அந்தப் பணம் பெட்டியில் இருந்திருக்கும்.

வேண்டியவை: குடும்ப அட்டை, குடும்பத்தாரின் ஆதார், வருமானச் சான்றிதழ். முதல் இரண்டும் வீட்டில் இருப்பவை. மூன்றாவதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என்னிடம் 60 ரூபாய் வாங்கினார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று விண்ணப்பம் கணினியிலேயே நகரும். விசாரணைக்குக் கூப்பிட்டால் உடனே போங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். புகைப்படமும் கைரேகையும் அங்கேதான். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள், வளாகம் திருவிழாவாக இருக்கும். சந்தேகம் கேட்கக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.

இதில் மூன்று குழிகள் உண்டு. நான் இரண்டில் விழுந்தேன்.

ஒன்று, தலைப்பெழுத்து. குடும்ப அட்டையில் என் பெயருக்கு முன் கணவரின் எழுத்து, ஆதாரில் அப்பாவின் எழுத்து. ‘இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன சான்று?’ என்று கேட்டார்கள். சான்று நான்தான் என்று எதிரே நின்றேன், எடுபடவில்லை. ஆதாரைத் திருத்தி வர இரண்டு வாரம் ஆனது. கழுத்தில் குழாயோடு வரிசையில் நின்ற இரண்டு வாரம்.

இரண்டு, ஆதாரோடு இணைத்த கைபேசி எண். அது எப்போதோ தொலைந்துபோன எண்ணாக இருந்தால் ஒவ்வோர் இடத்திலும் ஓடிபி என்கிற கடவெண் அந்தப் பழைய எண்ணுக்கே போகும். முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவதில் விழுந்தவர் என் பக்கத்துப் படுக்கைப் பெண். திருமணமானதும் அப்பா வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள், கணவர் வீட்டு அட்டையில் சேர்க்கவில்லை. எந்தக் குடும்ப அட்டையிலும் இல்லாதவருக்கு இந்தக் காப்பீடும் இல்லை.

அட்டை கிடைத்தால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு உங்கள் பெயரில் முன்அனுமதி வாங்க வேண்டும். அது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான டயாலிசிஸுக்கு மட்டும் வரும். முடிந்ததும் புதிய இரத்தப் பரிசோதனை முடிவோடு மறுபடி அனுப்ப வேண்டும். எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று நீங்களே கணக்கு வையுங்கள். எல்லாவற்றிலும் ஐந்து நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, டயாலிசிஸ் பையிலேயே வைத்துவிடுங்கள்.

3. இடமும் நேரமும்

வீட்டுக்குப் பக்கம் என்பதை முதல் தகுதியாக வையுங்கள். பெரிய பெயரெல்லாம் அப்புறம். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்பதுதான் வழக்கமான அளவு. செலவையும் இட நெருக்கடியையும் பார்த்துப் பலருக்கு அது இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கும் முதலில் இரண்டுதான் கொடுத்தார்கள். அப்போது எந்நேரமும் சோர்வு, தையலில் பட்டன் துளை கோணலாக விழும். மூன்றாக்கிய பிறகுதான் மறுபடி எந்திரத்தில் உட்கார்ந்தேன். உங்களுக்கு ஏன் இரண்டு என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடல்நிலையைப் பார்த்துச் சொன்னதா, இடம் இல்லாததால் சொன்னதா என்று பதிலிலேயே தெரிந்துவிடும்.

நேரம் ஒதுக்கும்போது முடிந்தால் காலை ஆறு மணி முறையைக் கேட்டு வாங்குங்கள். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து தூங்கினால் மாலையில் ஆளாகிவிடலாம். மதிய முறையில் போனால் அன்றைய பொழுது முழுதும் போச்சு. மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் போகலாம். ஆனால் திரும்பும்போது முதல் இரண்டு மாதமாவது தனியாகப் பேருந்தில் ஏறாதீர்கள், தலைசுற்றும். எனக்கு ஆட்டோவுக்கு மட்டும் மாதம் மூவாயிரம் ஆகிறது. எந்தக் காப்பீடும் அதைத் தராது.

சேர்வதற்கு முன் மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி இரண்டுக்கும், எச்ஐவிக்கும் பரிசோதனை கேட்பார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பவும் எடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு அளவு, பல தவணைகளில் போடுவார்கள்.

வாரம் மூன்று நாள் போய்வர வழியே இல்லாத ஊரில் இருப்பவர்கள் வயிற்று டயாலிசிஸ் பற்றிக் கேளுங்கள். வீட்டிலேயே தினமும் மூன்று நான்கு முறை, இரண்டு லிட்டர் திரவப் பையை வயிற்றுக்குள் விட்டு வடிக்கும் முறை அது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சுத்தமான ஓர் அறையும் பொறுமையான கையும் வேண்டும்.

4. எடை நோட்டு

என் கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அளவு நோட்டில் ஒரு பக்கம் உண்டு. இப்போது எனக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். அதில் மார்புச் சுற்றளவு இல்லை, எடை மட்டும்தான்.

உடம்பில் மிகை நீர் ஏதும் இல்லாதபோது இருக்கும் எடையை டயாலிசிஸ் அறையில் ‘டிரை வெயிட்’ என்பார்கள். எனக்கு 52 கிலோ. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே ஏறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 54 கிலோவோடு போனால் இரண்டு லிட்டர் எடுப்பார்கள், வலியில்லாமல் முடியும். ஒரு பொங்கலுக்கு 56-இல் போய் நின்றேன். நான்கு மணி நேரத்துக்குள் அத்தனையும் இழுக்கப் பார்த்ததில் கெண்டைக்கால் கல்லாக முறுக்கிக்கொண்டது, இரத்த அழுத்தம் விழுந்தது, பாதியில் நிறுத்தினார்கள். மீதித் தண்ணீரோடு வீடு திரும்பினேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம்? பொதுவான கணக்கு: முந்தின நாள் கழித்த சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஏறக்குறைய 750 மில்லி. காலையில் ஒரு பாட்டிலில் அந்த 750-ஐ ஊற்றி வைக்கிறேன். காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்குக் கொட்டிவிடுவேன். மோர், ரசம், கஞ்சி, பாயசம், ஐஸ்கிரீம் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ‘நான் தண்ணீரே குடிப்பதில்லை, எடை எப்படி ஏறுகிறது?’ என்று கேட்பவர்கள் தட்டில் ரசம் குளம்போல நிற்கும். தாகத்துக்கு வேர் உப்பில் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்திய வாரத்திலேயே என் தாகம் பாதியானது. வாய் உலர்ந்தால் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வேன்.

வாரத்தில் ஓரிடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழும். திங்கள், புதன், வெள்ளி என்றால் வெள்ளிக்குப் பின் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாள்தான் ஆபத்தானது. கல்யாணமும் கறிவிருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். படுக்க முடியாமல் உட்கார்ந்துதான் மூச்சு விட முடிகிறது என்றாலோ, கால் துவண்டு நடக்க முடியவில்லை என்றாலோ, திங்கள்வரை பொறுக்க வேண்டாம். இரண்டாவது அறிகுறி பொட்டாசியம் ஏறியதாக இருக்கலாம். அது இதயத்தை நிறுத்தும்.

5. சமையல்கட்டில்

பொட்டாசியத்துக்காக இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளிச் சாறு, உருளைக்கிழங்கு, கீரை எல்லாவற்றிலும் கட்டுப்பாடு. உடம்பு முடியாதவரைப் பார்க்க வருபவர் இளநீர் வாங்கி வருவது நம் ஊர் வழக்கம். வாங்கி வைத்து, வந்தவருக்கே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிப்பேன். சத்து போகிறதே என்று மாமியார் ஒரு மாதம் அங்கலாய்த்தார். போக வேண்டியதும் அதுதான்.

கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கிறார்கள். பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கும். இரத்த அழுத்தக்காரருக்கு நல்லது என்று யாராவது வாங்கித் தருவார்கள், தொடாதீர்கள். நட்சத்திரப் பழம் என்கிற விளிம்பிப்பழமும் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு. ஒரு துண்டுகூட வேண்டாம்.

புரதம் பற்றிப் பலருக்குக் குழப்பம் வருகிறது. டயாலிசிஸுக்கு முன்னால் பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். எந்திரம் புரதத்தையும் சேர்த்து இழுத்துவிடுவதால் கூட்டிச் சாப்பிட வேண்டும். நான் பழைய பத்தியத்தையே ஆறு மாதம் பிடித்துக்கொண்டிருந்து இளைத்துப்போனேன். இப்போது தினம் இரண்டு முட்டை வெள்ளைக்கரு. பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு போடுங்கள். சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் அது வேலை செய்யும்.

வலி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையெல்லாம் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும். ‘மூன்று மாதத்தில் டயாலிசிஸை நிறுத்திக்காட்டுகிறேன்’ என்று பொடியும் லேகியமும் தருபவரிடம் நான் எட்டாயிரம் கொடுத்தேன். அந்தப் பொடியை நம்பி ஒரு வாரம் டயாலிசிஸுக்குப் போகாமல் இருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தேன்.

6. அட்டைக்கு வெளியே ஆகும் செலவு

என் மாதக் கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையது கூடலாம், குறையலாம். ஆட்டோ 3,000. வெளியில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை 900. மாத்திரை 2,200. இரத்தம் ஊற எரித்ரோபாய்ட்டின் ஊசி சில மாதம் மருத்துவமனையிலேயே கிடைக்கும், இருப்பு இல்லாத மாதம் நான் வாங்க வேண்டும். அந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. வாங்கினால் பனிக்கட்டியோடு கட்டித் தரச் சொல்லுங்கள், வீட்டில் உறைபெட்டியில் வைக்காமல் கீழ்த்தட்டில் வையுங்கள். ஊசி கிடைக்கவில்லை, இரத்தம் ஏற்றிவிடலாம் என்று எளிதாகச் சொல்வார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவருக்கு வேறொருவர் இரத்தம் ஏற ஏற எதிர்ப்புப் பொருள் கூடி, பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும். தவிர்க்க முடியுமா என்று ஒரு முறை கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

வீட்டில் வருமானவரி கட்டுபவர் இருந்தால் எல்லா ரசீதையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பழைய வரிமுறையில் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புச் சிகிச்சைக்கு 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு. நோயாளி மூத்த குடிமகன் என்றால் ஒரு லட்சம் வரை.

7. மாற்றுச் சிறுநீரகப் பதிவு

தொடங்கிய மாதமே கேளுங்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் சட்டப்படி நெருங்கிய உறவினர்கள். வேறு யாராவது தருவதாக இருந்தால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். விலைக்கு வாங்கித் தருகிறேன் என்று மருத்துவமனை வாசலில் ஒட்டிக்கொள்பவரைக் கிட்டே சேர்க்காதீர்கள், அது குற்றம். உறவில் யாரும் இல்லையென்றால், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்கு, உறுப்பு மாற்று உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதியலாம். காத்திருப்பு வருடக்கணக்கில் போகும். கைபேசி எண் மாறினால் மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வரும்போது அது பழைய எண்ணில் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

8. வெளியூர்

போகலாம். சென்ற தையில் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரில் ஐந்து நாள் இருந்தேன். மூன்று வாரம் முன்பே அங்குள்ள ஒரு மையத்தைத் தொலைபேசியில் பிடித்து இடம் கேட்டோம். அவர்கள் கேட்டவை: அண்மையில் எடுத்த பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவு, கடைசி மூன்று டயாலிசிஸ் தாள்களின் நகல், டிரை வெயிட்டும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தின் அளவும் எழுதிய மருத்துவர் கடிதம். பரிசோதனை முடிவு பழையதாக இருந்தால் சேர்க்க மாட்டார்கள், புறப்படுவதற்கு முன் புதிதாக எடுத்துவிடுங்கள். காப்பீட்டு முன்அனுமதி உங்கள் மருத்துவமனையின் பெயரில் இருப்பதால் வெளியூரில் பணம் கட்ட நேரலாம் என்று எண்ணியே கிளம்புங்கள். எனக்கு இரண்டு முறைக்கு 4,200 ஆனது.

டயாலிசிஸுக்காகப் போகும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயிலில் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளில் 75 சதவீதம், இரண்டடுக்குக் குளிர்சாதனத்தில் 50 சதவீதம். ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவு அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மங்கலாக இருந்ததால் என் படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள், மறுபடி ஒரு நாள் அலைச்சல்.

பையில் ஒரு பருத்தித் துண்டும் இரண்டு கட்டுத் துணிச் சுருளும் எப்போதும் இருக்கட்டும். கல்யாண மண்டபத்தில் ஊசி போட்ட இடத்திலிருந்து எனக்கு இரத்தம் கசிந்தது, பட்டுப்புடவை முந்தானை நனைந்தது. அப்போது சுற்றிக் கட்டினால் போதாது. கசியும் புள்ளியின் மேல் ஒரு விரலால் அழுத்தி, கையை மேலே தூக்கி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பதினைந்து நிமிடம் பிடிக்க வேண்டும். நின்றால் சாப்பிட உட்காரலாம். நிற்கவில்லையென்றால் அழுத்திய விரலை எடுக்காமலேயே ஆட்டோ ஏறுங்கள்.